தொட்டியைத் திரும்ப வாங்குவோம்: நெல்லைச் சீமை நர்சரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டைக்கு வெளியே 20 வருசமாக நர்சரி நடத்துகிறேன். கொய்யா, எலுமிச்சை, ஒட்டு மா, செம்பருத்தி, அரளி, கொஞ்சம் குரோட்டன்ஸ். உங்களில் பலரோடு ஒரே லாரியில் கன்று ஏற்றியிருக்கிறேன், அவசரத்துக்கு ஒட்டுக்கத்தி கடன் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான், நாம் கன்றோடு விற்கும் பிளாஸ்டிக் பையையும் தொட்டியையும் திரும்ப வாங்குவது பற்றி இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி வடிந்தபிறகு, என்னிடம் வழக்கமாகக் கன்று வாங்கும் ஒருவருடைய வயலுக்குப் போயிருந்தேன். சாய்ந்து கிடந்த வாழையைப் பார்க்கப் போன எனக்கு, வேலிதான் முதலில் கண்ணில் பட்டது. முள்கம்பியில் மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பைகள். ஒன்றை இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் வரிசையாக ஓட்டைகள், உள்ளே செம்மண் ஒட்டல், ஒரு பக்கம் பிளேடால் நீளமாகக் கீறிய தடம். மளிகைக் கடைப் பை அல்ல, நம்முடைய பை. யார் நர்சரியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. "கன்னு எங்களுக்கு, பை யாருக்கு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். உழும்போது ரொட்டவேட்டர் கத்தியில் இந்தப் பை சுற்றிக்கொள்கிறது, அரை மணிக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மடல்தான் அந்தப் பதில்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அரசுத் துறைகளின் ஆர்டருக்காகச் செய்யும் வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால் பைகளுக்கு அதில் விலக்கு கொடுத்தார்கள். கன்று வளர்ப்பதற்காகக் கொடுத்த விலக்கு அது. பை போகும் இடத்தைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து ஊரெல்லாம் மரக்கன்று நடுகிறார்கள். மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்டு முடித்துப் படம் எடுத்தபிறகு குழியோரம் கிடக்கும் பைகளை யார் பொறுக்குகிறார்கள்?

வெளிநாட்டில் இதே சிக்கல் வேறு மாதிரி. அங்கே குப்பையைப் பிரிப்பது இயந்திரம். அது அகச்சிவப்புக் கதிரை வைத்து எந்த பிளாஸ்டிக் என்று அடையாளம் காணும். கறுப்புத் தொட்டியில் கலந்திருக்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்குத் தொட்டியே தெரியாமல் போய்விடும். அதனால் பிரிட்டனில் பல நர்சரிகள் மங்கிய பழுப்புநிறத் தொட்டிக்கு மாறிவிட்டன. நம் ஊரில் பிரிப்பது மனிதரின் கை. கறுப்பு நமக்குப் பெரிய தடை அல்ல. மண்தான் தடை. மண்ணோடு கொண்டுபோனால் பழைய இரும்புக்கடையில் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எடையில் கழித்துவிடுவார்கள். அடுத்தது எண். தொட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், உருக்கி மறுபடி தொட்டியாக்கலாம். நாம் மலிவாக வாங்கும் தொட்டிகளைக் கவிழ்த்துப் பாருங்கள், பாதியில் எண்ணே இருக்காது. எது எதையோ கலந்து உருக்கிக் கறுப்புச் சாயத்தில் மறைத்த சரக்கு அது. நம் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்காது, விளிம்பைத் தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். எண் இல்லாத தொட்டியை வாங்க மாட்டோம் என்று நாம் எல்லாரும் சேர்ந்து சொன்னால், விற்கிறவர்கள் எண் அச்சடித்துத்தான் ஆக வேண்டும்.

திரும்ப வாங்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நோய் வரும் என்கிறீர்கள். அது நியாயமான பயம். கொய்யாவில் வேர்முடிச்சு நூற்புழு நாற்று மண்ணோடுதான் தோட்டம் தோட்டமாகப் போகிறது. அதனால் கொய்யாப் பையை நான் மறுபடி நிரப்புவதே இல்லை. கழுவிக் காயவைத்து உருக்கப் போகும் மூட்டையில் போட்டுவிடுகிறேன். கெட்டித் தொட்டி மட்டும்தான் திரும்ப வேலைக்கு வரும். மண்ணைத் தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, சித்திரை வெயிலில் கவிழ்த்துவைப்பேன். அலங்காரச் செடிகளுக்கு அந்தத் தொட்டியே நான்கைந்து சுற்று வருகிறது.

மக்கும் பை என்று சொல்லி விற்க வருகிறவர்களிடம் மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17088 சான்று கேளுங்கள். அது இல்லாமல் வருவதில் பல, மக்காமல் துண்டு துண்டாக உதிர்ந்து மண்ணிலேயே தங்கும் பிளாஸ்டிக். அது முழுப் பையைவிட மோசம், பொறுக்கக்கூட முடியாது. கதம்பை (தேங்காய் மட்டை நார்), ஓலைக்கொட்டான் என்று நானும் முயன்றேன். மாதக் கணக்கில் விற்றுவிடும் பூச்செடிக்கு நன்றாக இருந்தது. ஒரு வருசம் நிற்க வேண்டிய ஒட்டு மாங்கன்றுக்கு வைத்ததில் கரையான் வந்துவிட்டது.

ஆகவே கேட்பது இதுதான். தொட்டிக்கு 5 ரூபாய் சேர்த்து வாங்குவோம், தொட்டி திரும்பினால் 5 ரூபாயைத் திருப்பிக் கொடுப்போம். கோலி சோடா பாட்டிலுக்கு நம் தாத்தா காலத்திலேயே இருந்த முறை. நீலகிரியில் 2022 முதல் மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் திரும்பி வந்ததும் கொடுக்கிறார்கள். மலையேறிக் குடிப்பவரே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, செடி வளர்க்கிற மனுசர் கொடுக்க மாட்டாரா? நான் போன தையிலிருந்து செய்து பார்க்கிறேன். முதல் மாதம் யாரும் கொண்டுவரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டர் முன்னால் தொட்டிகளை அடுக்கிக்கொண்டு வருகிறார்கள், அடுத்த செடியும் வாங்கிப் போகிறார்கள்.

தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மானியத்தில் கன்று கொடுக்கும் இடத்திலேயே காலிப் பையைத் திரும்ப வாங்க ஒரு சாக்கு கட்டிவையுங்கள். ஆர்டர் போடும்போது பையின் தடிமனோடு, எந்த பிளாஸ்டிக் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

தனித்தனியாகச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. என்னிடம் இப்போது பதினோரு மூட்டை இருக்கிறது, இதற்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு லோடு சேர்ந்தால் வருவார்கள். என் நர்சரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் பக்கத்துக்காரர்கள் ஆளுக்கு ஐந்து மூட்டை, மண் உதறி, பை தனி, தொட்டி தனியாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். எடை போட்டு, வருகிற காசை மூட்டைக் கணக்குப்படி பிரித்துக்கொள்வோம். ஐப்பசி மழை தொடங்கும் முன் முதல் லோடு போய்விட வேண்டும். ஆறு பெருகினால் பையெல்லாம் மறுபடி அந்த வேலியில்தான் போய் நிற்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பாளையங்கோட்டை