மெயினை அணைத்தால் மட்டும் போதாது

பெங்களூரு அல்சூர் எலக்ட்ரீஷியன் குழு நண்பர்களுக்கு, போன வாரம் ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றினேன். அப்படியும் ஷாக் அடித்தது. காரணம், இன்வெர்ட்டர்! மெயின் போனதும் அது தன் பங்குக்கு 230 வோல்ட்டைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதனால் இன்வெர்ட்டர் லைனையும் துண்டியுங்கள்.

எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானாக விழும் போர்டு சுவிட்ச்) இறக்கியதும், யாரும் மறுபடி போடாதபடி அதற்குப் பூட்டுப் போடுங்கள். பூட்டு இல்லையென்றால் டேப் ஒட்டி, 'வேலை நடக்கிறது' என்று கன்னடத்திலும் எழுதி வையுங்கள். பழைய ஃபியூஸ் என்றால் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கரண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை சோதித்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்திலேயே வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்திருக்கலாம்.

என்னிடம் எம்சிபி பூட்டு இரண்டு இருக்கிறது, வேண்டியவர்கள் சொல்லுங்கள்.