மதகு அல்ல, கலங்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

வகுப்பறையில் இணையக் கருவிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்மார்ட் போர்டு, காணொளிப் பாடம் என்று அதில் சொன்னவை எல்லாம் பிள்ளைகளைப் பார்க்க வைப்பவை. அவர்களைச் சேர்ந்து எழுத வைக்கும் கருவிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரும் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரே கட்டுரையை எழுதினார்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஓடியவை 9 கணினிகள். கணினிக்கு நால்வர்; பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதக்கூடிய கூகுள் டாக்ஸில் எல்லோருக்கும் ஒரே பக்கம். எழுதுபவர் கீழே பெயர் போட வேண்டும் என்பது மட்டும் விதி. முதல் நாளே யாரோ கைதவறி முழுவதையும் அழித்துவிட, வகுப்பே பதறியது. முந்தைய பதிப்புகள் அதிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால் நிமிடத்தில் மீட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு மாணவன், 'ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மதகு வழியாக வெளியேறும்' என்று எழுதினான். சற்று நேரத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்தது. 'மதகு, பாசனத்துக்குத் திறப்பது. நிரம்பி வழிவது கலங்கலில். அதைத்தான் ஏரி கோடி போகிறது என்கிறோம்.' கீழே இருந்த பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். அவளுடைய தாத்தா நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுபவராக, இருந்தவராம். மறுவாரம் அவரிடம் கேட்டு, முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய விவரத்தை முக்கால் பக்கம் எழுதினாள். பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி. எழுந்து நின்று சொல் என்று நான் ஆண்டு முழுக்கக் கேட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது.

ஐந்து பாடவேளைகளுக்குப் பிறகு ஆய்வகம் கிடைக்கவில்லை. இணையவழித் தேர்வு, விவரப் பதிவேற்றம் என்று நாள்கள் போய்விட்டன. மீதியைத் தாளில்தான் முடித்தோம். இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. தமிழ்99 விசைப்பலகையை அரசு 1999-லேயே ஏற்றது. எங்கள் பிள்ளைகளோ 'ஏரி' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தேடித் தட்டுகிறார்கள். ஆறாம் வகுப்பிலேயே தமிழ்த் தட்டச்சைப் பழக்க வேண்டும்.

இத்தகைய கருவிகள் நிலையானவையும் அல்ல. பல பள்ளிகள் பயன்படுத்திய ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகையை 2024 இறுதியில் கூகுள் மூடிவிட்டது. அதனால் ஏரிக் கட்டுரையை அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறேன்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: கால அட்டவணையில் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரம் ஒரு பாடவேளை ஆய்வகத்தை ஒதுக்குங்கள். ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுத இந்த ஆண்டுப் பிள்ளைகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

- அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்