மொதல்ல ஓபி கவுண்டர், அப்புறம்தான் லேப்டாப்

ரேவதி,

எப்படிடி இருக்க? அத்தை முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொன்னதும் அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம், ஃபிசியோவ மட்டும் நடுவுல விட்டுறாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். காவேரிப்பட்டணம் தோப்புல இந்த வருஷம் பூ நல்லா வந்துச்சு, அப்புறம் அடிச்ச காத்துல பிஞ்செல்லாம் பாதி கொட்டிப்போச்சு, மிச்சம் நிக்கறது பெங்களூரா ரக மாங்காதான், அதுக்கு மாங்கூழ் ஃபேக்டரிக்காரங்க சொல்றதுதான் ரேட்டு. அப்பா அதுக்காக அலைஞ்சிட்டே இருக்காரு.

சரி நீ கேட்டதுக்கு வர்றேன். உன்னயும் ஒரு ஹாஸ்பிட்டல் ப்ராஜெக்ட் லீட் பண்ணக் கூப்பிடறாங்க, அதுல பெருசா என்ன இருக்கு, பில் போடற சாஃப்ட்வேர்தானேன்னு எழுதியிருந்த. நானும் பெங்களூர் வேலைய விட்டுட்டு இந்த மெடிக்கல் காலேஜுக்கு வர்றப்போ கிட்டத்தட்ட எல்லாரும் எங்கிட்ட அதையேதான் கேட்டாங்க. பில்லு ஒரு ஓரம்டி. அதத் தவிர்த்து ஓபி ரெஜிஸ்ட்ரேஷன், லேப், ஃபார்மசி, வார்டு, தியேட்டர், பிளட் பேங்க், அது போக காலேஜ் பக்கம் ஸ்டூடண்ட்ஸ் லாக்புக், தியரிக்கு 75 பிராக்டிகலுக்கு 80 பர்சென்ட்னு அட்டெண்டன்ஸ் கணக்கு, இது எல்லாத்தையும் என்னோட சேத்து ஏழு பேரு பாத்துக்கறோம். ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் ஹெச்ஓடிக்கும் தன் ஃபார்ம்தான் மொதல்ல வேணும், கண் டிபார்ட்மெண்ட் ஓபி ஷீட்டும் ஆர்த்தோ ஷீட்டும் ஒண்ணா இருக்கவே முடியாது, அதனால நம்ம பழைய கம்பெனி மாதிரி ஒரு கிளையண்ட் ஒரு ரெக்வயர்மெண்ட்னு இங்க எதுவும் கிடையாது.

ஆனா நான் உனக்கு சொல்லணும்னு நெனைக்கறது ஒரே விஷயம்தான். டீம்ல புதுசா யாரு சேந்தாலும் நான் உடனே லேப்டாப் குடுக்கறதில்ல, கொண்டுபோய் ஓபி கவுண்டர்ல நிக்க வெக்கறேன், அப்புறம் லேப்ல, அப்புறம் ராத்திரி கேஷுவால்ட்டில. சீட்டு எழுதற அக்கா பக்கத்துல நின்னு பாக்கறது மட்டும்தான் அப்ப வேலை. ஊத்தங்கரைப் பொண்ணு ஒருத்தி, நல்லா கோடு எழுதறவ, ஆரம்பத்துல என்னக்கா இது, டைம் வேஸ்ட்டுன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டா. இப்ப அவதான் புதுப் பசங்களக் கூட்டிட்டுப் போறா.

ஏன் இவ்ளோ புடிவாதமா இருக்கேன்னா பேரு விஷயத்த எடுத்துக்கோ. நம்ம ஊர்ல எத்தன மாதம்மா, எத்தன முனியம்மா, எத்தன மாதேஷ், சின்னசாமி, முனியப்பன்னு உனக்கே தெரியும். வயசு கேட்டா ஒரு அம்பது இருக்கும் சாமின்னு சொல்லுவாங்க, பொறந்த தேதின்னு ஆதார்ல இருக்கறது பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணு. ஃபோன் நம்பர் கேட்டா திருப்பூர்ல வேலை செய்யற பையன் நம்பரு, இல்ல பக்கத்து வீட்டு நம்பரு, அதனால ஒரே நம்பர்ல மாமியார் மருமக நாத்தனார் எல்லாரும் இருப்பாங்க. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துலருந்து வர்றவங்க கன்னடத்துலயும் தெலுங்குலயும் சொல்லுவாங்க, டவுன்லருந்து வர்ற பாய் வீட்டு அம்மாங்க உருதுல சொல்லுவாங்க, கவுண்டர்ல இருக்கறவங்க காதுல விழுந்தத இங்கிலீஷ்ல அடிப்பாங்க, ஒருத்தர் நடுவுல ஒரு ஹெச் போடுவாரு இன்னொருத்தர் போடமாட்டாரு. ஆக ஒரே அம்மா ரெண்டு தடவ வந்தா ரெண்டு ஆளா ஆயிடுவாங்க, போன தடவ எடுத்த எக்கோ ரிப்போர்ட்டு டாக்டர் கண்ணுக்கே வராது.

இதுக்கு நம்ம பசங்க மொதல்ல சவுண்டெக்ஸ் போட்டாங்க, ஒரே மாதிரி ஒலிக்கற பேருங்களத் தேடிச் சேக்கற முறை. அது 1918ல அமெரிக்காவுல பேட்டண்ட் வாங்கின முறை, மொத எழுத்த அப்படியே வெச்சிக்கிட்டு மிச்ச மெய்யெழுத்துங்களுக்கு நம்பர் குடுக்கும், அந்த ஊர் குடும்பப் பேருக்கு சரி. இங்க கோவிந்தம்மாவ ஒருத்தர் ஜி போட்டு எழுதறாரு ஒருத்தர் கே போட்டு எழுதறாரு, மொத எழுத்தே மாறுதா, ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு சொல்லிடுது. கவுண்டர்ல நின்னு பாத்த ஊத்தங்கரைப் பொண்ணுதான் கேட்டா, அக்கா பேரத் தமிழ்லயே வாங்கிட்டா என்னன்னு. தமிழ்ல எழுதும்போது அந்த ஜியும் கேயும் ஒரே எழுத்துதான, கோவிந்தம்மா கோவிந்தம்மாதான். அதோட ஊர் பேரு, வீட்டுக்காரர் இல்லன்னா அப்பா பேரு, இத வெச்சித் தேடறோம். ஆபா நம்பர், அதான் கவர்மெண்ட் குடுக்கற பதினாலு இலக்க ஹெல்த் ஐடி, அது இருக்கறவங்களுக்கு நல்லா உதவுது, ஆனா அத எல்லாரும் கையோட கொண்டு வர்றதில்ல.

இன்னொண்ணு, ரெண்டு ரெக்கார்டு ஒரே ஆளு மாதிரி இருந்தா சிஸ்டம் தானா சேக்கவே சேக்காது. ஒரு ஆளு ரெண்டா இருந்தா அவங்களுக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டி வரும், காசும் நேரமும் போகும். ரெண்டு பேரு ஒண்ணா ஆயிட்டா ஒருத்தரோட பென்சிலின் அலர்ஜி இன்னொருத்தர் ஷீட்டுல போய் உக்காந்துக்கும், அலர்ஜி இருக்கற ஆளு ஷீட்டு காலியா இருக்கும். அதனால மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல ரெண்டு பேரு பாத்து ஓகே சொன்னாதான் லிங்க் ஆகும், எப்ப வேணா பிரிக்கவும் முடியும், பழைய நம்பர் எதையும் அழிக்கறதே இல்ல.

அப்புறம் கேஷுவால்ட்டி. மழை ஆரம்பிச்சா பாம்புக்கடி வரிசையா வரும்டி, ராகிக் கொல்லைக்குத் தண்ணி கட்டப் போனவங்க, வெளிய திண்ணையில படுத்தவங்க. அங்க செய்யற ஒரு டெஸ்ட் இருக்கு, ரொம்ப சாதாரணமாத் தெரியும், ஆனா மருந்து குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு. கொஞ்சம் ரத்தம் எடுத்து சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு இருபது நிமிஷம் ஆட்டாம அசைக்காம வெச்சிடணும், அப்புறம் ஒரு தடவ சாய்ச்சுப் பாக்கணும், உறைஞ்சிருந்தா ரத்தம் வரைக்கும் சரி, தண்ணியா ஓடினா விஷம் ரத்தத்துல வேலையக் காட்டியிருக்குன்னு அர்த்தம், விஷமுறிவு மருந்து ஏத்தணும், ஏத்தினதுக்கு அப்புறம் ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி அதே டெஸ்ட். கண்ணாடி டியூப்தான் வேணும், பிளாஸ்டிக்ல விட்டா ரிசல்ட்ட நம்ப முடியாது. நம்ம பாலக்கோட்டுப் பையன் ராத்திரி டியூட்டிக்கு நின்னப்போ பாத்திருக்கான், சிஸ்டர் டியூப வெச்சிட்டு நேரத்த பேனாவால கையில எழுதிக்கிட்டாங்க, அதுக்குள்ள ஒரு பைக் ஆக்சிடெண்ட் வந்துடுச்சு, கிளவுஸ் மாட்டி கழட்டி கை கழுவினதுல எழுதினது போயே போச்சு, பத்து மணி பத்தா பத்து இருபதான்னு ரெண்டு பேரு நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. கம்ப்யூட்டர்ல அத எழுத இடம் இல்லாம இல்ல, மூணு ஸ்க்ரீன் தாண்டிப் போகணும், யாரு போவாங்க அந்த நேரத்துல.

மறுநாள் வந்து அவனே ஒரு பட்டன் பண்ணான். ரத்தம் எடுத்தாச்சுன்னு தமிழ்ல பெருசா, அத ஒரு தட்டு தட்டினாப் போதும், செவுத்துல மாட்டியிருக்கற டிவியில பெட் நம்பரோட நிமிஷம் ஓட ஆரம்பிக்கும், இருபது ஆனதும் சத்தம் குடுக்கும், உறைஞ்சுது, உறையலன்னு ரெண்டே பதில். ஆறு மணி நேரம் கழிச்சு எடுக்க வேண்டியது வார்டு லிஸ்ட்டுல தானா வந்து நிக்கும், ஆள கேஷுவால்ட்டிலருந்து ஐசியூவுக்கு மாத்தியிருந்தாலும் அது கூடவே போகும். நம்ம கவர்மெண்ட் 2024 நவம்பர்ல பாம்புக்கடிய கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சிருக்காங்க இல்லையா, அந்த ரிப்போர்ட்டுக்கு வேண்டியதும் இதுலருந்தே வந்துடுது, தனியா யாரும் உக்காந்து எழுத வேண்டியதில்ல. ஒரு மீட்டிங்லயும் யாரும் இதக் கேக்கல ரேவதி. அந்தப் பையன் அங்க நிக்கலன்னா இந்த பட்டனே வந்திருக்காது.

லேப் கதையும் கேளு. முன்னாடி இருந்த ஒரு கம்பெனிக்காரங்க ரத்தம் டெஸ்ட் பண்ற அனலைசர் மெஷின்லருந்து ரிசல்ட்ட வாங்கற டிரைவர் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருந்தாங்க, பழைய மெஷின், சீரியல் கேபிள்ல வரி வரியா டேட்டா அனுப்பும், ரிசல்ட் ஒரு வரி, அதுக்கு அடுத்த வரி கமெண்ட். அவங்க கமெண்ட் வரியப் படிக்கவே இல்ல, தேவையில்லன்னு விட்டுட்டாங்க. அதுல என்ன வரும்னா சாம்பிள்ல ரத்த அணு உடைஞ்சிருக்குன்னு வரும். உடைஞ்சா உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கொட்டி ரிசல்ட் ஏகத்துக்கு ஏறித் தெரியும். வார்டுல டாக்டர் நம்பர மட்டும் பாக்கறாரு. நல்ல வேளையா இங்க சந்தேகப்பட்டு மறுபடி சாம்பிள் அனுப்பற பழக்கம் இருக்கு, அதனாலதான் தெரிஞ்சுது. இப்ப கமெண்ட் வந்த ரிசல்ட் எதுவும் எச்சரிக்கை ஃபிளாக் இல்லாம வார்டு ஸ்க்ரீனுக்குப் போகாது.

புதுசா வர்றவங்களுக்கு நான் தெரக்-25 பத்தி கண்டிப்பா சொல்றேன். கேன்சருக்குக் கதிர்வீச்சு குடுக்கற மெஷின், 1985லருந்து 1987க்குள்ள அமெரிக்காவுலயும் கனடாவுலயுமா ஆறு பேருக்கு அளவுக்கு மீறி அடிச்சிருச்சு, சில பேரு உயிரே போச்சு. பழகின ஆபரேட்டர் வேகமா டைப் பண்ணி ஒரு எழுத்தத் திருத்தியிருக்காங்க, அந்த வேகத்துல சாஃப்ட்வேர் குழம்பிடுச்சு, ஸ்க்ரீன்ல மால்ஃபங்ஷன் 54ன்னு மட்டும் வந்துச்சு, அப்படின்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அழுத்தி மேல கண்டின்யூ பண்ணிட்டாங்க. பழைய மாடல்ல ஆபத்துன்னா தடுக்க ஹார்டுவேர் பூட்டு இருந்துச்சு, இதுல சாஃப்ட்வேர நம்பி அதை எடுத்துட்டாங்க. எரர் மெசேஜ்னு நம்பர மட்டும் எழுதிட்டு வந்தா நம்ம டீம்ல கோடு ரிவ்யூ பாஸ் ஆகாது, என்ன ஆச்சு இப்ப என்ன பண்ணணும்னு தமிழ்ல எழுதணும். ஏன்னா இங்க ஸ்க்ரீன் பாக்கறவங்க மாறிட்டே இருப்பாங்க, ஹவுஸ் சர்ஜனுங்க ஒரு போஸ்டிங் முடிஞ்சு அடுத்ததுக்குப் போயிடுவாங்க, ட்ரெய்னிங் குடுத்து முடிக்கறதுக்குள்ள புது முகம் வந்துடும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான், சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா? வீட்டுக்கே வந்து பிபி சுகர் மாத்திரை குடுக்கறாங்க. இங்க வர்ற பெரியவங்க அந்த மாத்திரையப் பத்தி வாயே திறக்கமாட்டாங்க, மஞ்சப்பையில அட்டை இருக்கும், கேட்டாதான் எடுப்பாங்க. இதுவும் கவுண்டர்ல நின்ன பசங்க கொண்டுவந்து சொன்னதுதான், இப்ப வீட்டுக்கு மாத்திரை வருதாங்கற கேள்வி ரெஜிஸ்ட்ரேஷன்லயே இருக்கு.

கஷ்டம் இல்லாம இல்ல. ஒரு மணி நேரத் தொலைவுல ஓசூர், அதத் தாண்டினா எலெக்ட்ரானிக் சிட்டி, நம்ம குடுக்கற சம்பளம் அவங்களோட மோத முடியாது, நல்லாக் கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் போன மாசம் போயிட்டான். போகாதன்னு சொல்ல எனக்கு மனசு வரல, வீட்டுல ரெண்டு தங்கச்சி, அப்பாவுக்குக் கொல்லையும் இல்ல. ஆனா பென்னாகரத்துலருந்தும் ராயக்கோட்டையிலருந்தும் வர்ற இந்தப் பசங்க, பாதிப் பேரு வீட்டுல மொத பட்டதாரிங்க, வரிசையில நிக்கற பாட்டி பேசறது அவங்களுக்குப் புரியற மாதிரி வேற யாருக்கும் புரியாது. அதுக்காகவே இந்த வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்ங்கற பேச்சு வரும்போதெல்லாம் நான் விடாம சண்ட போடறேன், போடுவேன்.

நீ போறதுன்னா பேசும்போதே மூணு விஷயம் கேட்டுடு. உன் டீம் வார்டுக்குள்ள போய் நிக்க அனுமதி உண்டா, யாரு எந்த ரிப்போர்ட்டத் திறந்து பாத்தாங்கன்னு லாக் வெக்க விடுவாங்களா, சிஸ்டம் நின்னுட்டா எழுத அச்சடிச்ச ஃபார்ம் ஒவ்வொரு வார்டுலயும் இருக்குமா. மூணாவதுக்கு சிரிச்சாங்கன்னா யோசி. சாஃப்ட்வேர் புது வெர்ஷன் ரிலீஸ் பண்ற கிழமைய நீயே முடிவு பண்ணு, இங்க திங்கக்கிழமை ஓபி பிதுங்கும், அதனால நாங்க புதன்கிழமை மத்தியானம் ஓபி ஓஞ்சப்புறம்தான் கை வெக்கறோம்.

அந்த ரெக்கார்டு லிங்க் பண்ற டேபிள் டிசைன தனியா அனுப்பறேன், ஆள் பேரு எதுவும் அதுல இருக்காது, நீ அந்தக் காலத்துல பேங்க் ப்ராஜெக்ட்ல இதே மாதிரி செஞ்சிருக்க இல்ல, பிரிச்சதுக்கு அப்புறம் பழைய லேப் ரிசல்ட்டு எந்தப் பக்கம் போகணும்கற எடத்துல எனக்கு இன்னும் திருப்தி இல்ல, அத மட்டும் நல்லாப் பாத்து சொல்லு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஃப்ரீயாதான் இருப்பேன், கூப்பிடு.

உன்
கவிதா