வேட்பாளராகப் போகிற தோழனுக்கு

அன்புள்ள தோழா,

கடிதம் கிடைத்தது. மக்களவைத் தேர்தலில் உன்னை நிறுத்த அமைப்பு முடிவு செய்ததில் எனக்கு வியப்பில்லை. எப்போதோ நடந்திருக்க வேண்டியது. மனுத் தாக்கல் பற்றிக் கேட்டிருந்தாய், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். சுயேச்சை என்றால் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அதில் ஒருவர் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலில் இருந்தாலும் மனு தள்ளுபடிதான். நான்கு மனு வரை தரலாம் என்பதால், வேறு பத்துப் பேரை வைத்து இன்னொன்றும் போட்டு வை.

போராட்டக்காரர்கள் மாட்டுவது படிவம் 26-ல், அதாவது வழக்கு விவரங்களோடு மனுவுடன் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில். மறியல், தடையை மீறிய ஊர்வலம் என்று ஊருக்கு ஒரு வழக்கு உன் பெயரில் கிடக்கும், பாதி உனக்கே மறந்திருக்கும். குற்ற எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம் எல்லாவற்றையும் இப்போதே வக்கீலை வைத்துத் திரட்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுது. காலியிடத்துக்காக மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2018 தீர்ப்புக்குப் பிறகு நிலுவை வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்யவும் வேண்டும், சொந்தச் செலவில். ஊருக்காக வாங்கிய வழக்கை ஊருக்கே காசு கொடுத்து அறிவிக்கும் வேடிக்கை!

தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்கிவிடு. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான். தோற்ற சோர்வில் இதை விட்டுவிட்டு மூன்றாண்டுக்குத் தகுதி இழந்தவர்கள் உண்டு.

சின்னம் பற்றி நீ எழுதவே இல்லை. கூட்டணியில் இடம் கிடைத்தால் பெரிய கட்சி தன் சின்னத்தில் நிற்கச் சொல்லும். 2019-ல் விடுதலைச் சிறுத்தைகள் இரண்டு வழியிலும் போனார்கள். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கில் தப்பினார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். மக்களுக்குப் பழகிய சின்னத்தின் பலம் அது. ஆனால் அவர்கள் சின்னத்தில் நின்றால் ஏட்டில் நீ அவர்கள் வேட்பாளர். கட்சித் தாவலைத் தடுக்கும், அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி எந்தக் கட்சி உன்னை நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே சபையில் கருதப்படுவாய், அவர்கள் கொறடா உத்தரவு உன்னையும் கட்டும். சுயேச்சையாக வென்று பிறகு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். இதைப் பேசி முடித்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போடு.

இனி உள்ளே போன பிறகு. தெருவில் நமக்குக் கூட்டம்தான் பலம். சபையில் தனி உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தரும் மசோதா, கொண்டுவருவேன் என்று மேடையில் சொல்லாதே. இதுவரை சட்டமானவை 14 மட்டுமே, கடைசி 1970-ல். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்தது 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய செய்தியானது. அதுவும் சட்டமாகவில்லை, அரசு தன் சொந்தச் சட்டத்தை 2019-ல் கொண்டுவந்தது.

உன் கைக்கு உண்மையாகவே எட்டும் ஆயுதம் கேள்விதான், அதிலும் எழுத்துமூலம் பதில் வரும் கேள்வி. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். சபையில் வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்விக்கு ஆசைப்படாதே. ஒரு நாளைக்கு 20 பட்டியலில் இருக்கும், அமைச்சர் வாய்மொழியாகச் சொல்ல நேரம் கிடைப்பது சிலவற்றுக்குத்தான். எழுத்துமூலப் பதிலுக்கான மற்ற 230-ல் இடம்பிடித்தால் எண்கள் அச்சில் வரும். அவற்றை வழக்கிலும் போராட்டத்திலும் நாம் பயன்படுத்தலாம்.

ஆனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று அரசு பதில் தந்தது. எல்லோரும் கொதித்தோம். ஆனால் இந்தத் தொழிலைத் தடைசெய்யும் 2013 சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது ஒரு பிரிவு, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவது 'ஆபத்தான துப்புரவு' என்று வேறொரு பிரிவு. முதலாவதைக் கேட்டால் பூஜ்யம் வரும். 'சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி துப்புரவின்போது இறந்தவர்கள், மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக' என்று கேள். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புப்படி 10 லட்சமும், 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பின் 30 லட்சமும் இழப்பீடாக எத்தனை குடும்பத்துக்குப் போனது, எத்தனை வழக்கில் தண்டனை கிடைத்தது என்றும் சேர்த்துக் கேள்.

வன்கொடுமை வழக்கை நேரடியாகக் கேட்டால் காவல்துறை மாநிலப் பொருள் என்று நிராகரித்துவிடுவார்கள். ஒன்றிய அரசின் நிதியுதவி எவ்வளவு, சிறப்பு நீதிமன்றங்கள் எத்தனை என்று வளைத்துக் கேட்க வேண்டும். தகவல் திரட்டப்படுகிறது என்று பதில் வந்தால் சலித்துக்கொள்ளாதே. அது அரசு தந்த உறுதிமொழியாகப் பதிவாகும், மூன்று மாதத்தில் நிறைவேற்றியாக வேண்டும். இழுத்தடித்தால் உறுதிமொழிக் குழுவுக்கு எழுது.

பலர் மறந்துவிடும் இன்னொன்று. 1995 வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17-ஆவது விதி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இடம் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். கூட்டத்துக்குப் போகும்போது முதல் தகவல் அறிக்கை தேதியும் குற்றப்பத்திரிகை தேதியும் உன் கையில் இருக்கட்டும். 60 நாளுக்கு மேல் இழுத்த வழக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேள், அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல். டெல்லியில் ஆண்டெல்லாம் பேசுவதைவிட இதில் ஒரு குடும்பத்துக்கு விரைவில் நியாயம் கிடைக்கலாம்.

டெல்லி உதவியாளராக அமைப்பில் மூத்தவர் ஒருவரின் மகனை வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். சட்டம் படித்த, ஆங்கிலத்தில் கேள்வி வரையத் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ தேடு. சின்னம் பற்றி என்ன முடிவெடுத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் தோழன்