ஏ.சி. தண்ணீரில் பிழைத்த பெரணி

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றலாம் என்று அதில் இருந்தது. மற்ற செடிகளுக்கு எப்படியோ, பெரணிக்கு வேண்டவே வேண்டாம். நர்சரியில் ஃபெர்ன் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். நான் ஊற்றிக் கெட்டவள்.

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு போர்வெல்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இரண்டு வருடம் முன்பு ஒரு பாஸ்டன் ஃபெர்ன் வாங்கி ஹாலில் வைத்து, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். மூன்றே மாதத்தில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்தது.

அப்புறம் ஒருநாள் ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த பையனிடம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் அந்த டி.டி.எஸ். மீட்டரை சும்மா எல்லாவற்றிலும் விட்டுப் பார்க்கச் சொன்னேன். போர்வெல் தண்ணீர் 1,100 காட்டியது. கழிவுத் தண்ணீர் 1,700. பால்கனியில் ஏ.சி. குழாய் சொட்டும் வாளியில் வெறும் 30! நல்ல தண்ணீரை நாம் பிரித்துக் குடித்துவிட்டால், மிச்சம் உப்பெல்லாம் கழிவில்தானே சேரும்? பெரணியின் வேரோ தலைமுடி மாதிரி மெல்லிசு.

ஏ.சி. ஓடும் அறையில் பெரணி வாடிப்போகும், காற்றில் ஈரம் இருக்காது. ஆனால் அந்த ஈரம்தான் வாளியில் சொட்டுகிறது, நம் ஊர்ப் புழுக்கத்தைப் பிழிந்து எடுத்த தண்ணீர். புழுக்கமான ராத்திரியில் எனக்கு அரை வாளிக்கு மேல் கிடைக்கிறது. ஏ.சி.யை மருந்து அடித்துக் கழுவினால் மட்டும் இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் போட்டபோது மாடியிலிருந்து இறக்கிய குழாயில் ஒரு டிரம்மைச் சேர்த்துவிட்டோம், கொசுவுக்காக மூடியோடு.

செடியை குளியலறை ஜன்னலுக்கு மாற்றினேன். நேர் வெயில் இல்லை, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் ஏ.சி. தண்ணீரை அடி வழியே ஓடும்வரை நாலைந்து தடவை ஊற்றி உப்பைக் கழுவினேன். தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு உண்டு, அதையும் அலசித்தான் போட வேண்டும். கருகிய நுனி மறுபடி பச்சையாகவில்லை, வெட்டிவிட்டேன். ஐந்தாவது வாரம் நடுவிலிருந்து கைமுறுக்குச் சுற்று மாதிரி, பழுப்பு ரோமத்தோடு ஒரு குருத்து எழும்பியது.

இன்னொன்று. இலைக்கு அடியில் வரிசை பிசகாமல் பழுப்புப் புள்ளிகள் வந்தால் பயந்து வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமி பூச்சி என்று அடித்துச் சொன்னார், நானும் பாட்டிலை எடுத்துவிட்டேன். பூவும் விதையும் இல்லாத செடி அல்லவா, அதன் வித்துத்தூள் இருக்கும் இடம் அது. ஒழுங்கில்லாமல் தண்டிலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால்தான் செதில் பூச்சி.

அடுத்த இணைப்பில் அந்த ஆர்.ஓ. வரியைத் திருத்திப் போட்டால் நல்லது. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் இப்போது வாசல் கழுவப் போகிறது.

ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை