விசைப்பலகைப் பழுதுக்குக் கொடுத்த மடிக்கணினியில் இரண்டாவது இயங்குதளத்தை அழித்துவிட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: இயற்பியல் உதவிப் பேராசிரியர், கும்பகோணம்.
பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இப்படியொரு கடிதம் எழுதும் நிலை வரக்கூடாது என்றுதான் இவ்வளவு காலம் பொறுத்திருந்தேன். கட்டணமில்லாத் தொலைபேசி, வாட்ஸ்அப், மின்னஞ்சல், திருச்சி சேவை மையம் என்று நீங்கள் காட்டிய வாசல் ஒன்றுவிடாமல் தட்டியாயிற்று. எங்கே போனாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் வேறோர் இடத்துக்குக் கை காட்டுகிறார்கள்.

என் மடிக்கணினியில் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகள் வேலை செய்யவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அவைதான் க, ப, ம, த. அவை இல்லாமல் தமிழில் ஒரு வரியை எழுதி முடிக்க முடியுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் நான் அன்றாடம் பயன்படுத்தும் விஐ என்ற உரை எழுதும் நிரலில் கர்சரை நகர்த்துவதும் அதே நான்கு விசைகள்தான். இந்தக் கடிதத்தைக்கூட யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் கடன் வாங்கிச் செருகித்தான் தட்டச்சு செய்கிறேன். உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.

கணினியில் தரவைச் சேமிக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோஸும் மறு பாதியில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவும் வைத்திருந்தேன். கல்லூரியின் தரமதிப்பீட்டு அறிக்கைகளுக்கும் எக்செல் கோப்புகளுக்கும் விண்டோஸ் தேவைப்படுகிறது. என் முனைவர் பட்ட ஆய்வுக்கான கணக்கீடுகள் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற கட்டற்ற மென்பொருளில் நடப்பவை. அது லினக்ஸில்தான் இயல்பாக ஓடும். "விண்டோஸ்க்குள்ளேயே வர்ச்சுவல் மெஷின் போட்டுக்கலாமே" என்று உங்கள் ஊழியர் ஒருவர் அறிவுரை சொன்னார். விண்டோஸ் ஓடும்போதே அதற்குள் லினக்ஸையும் ஓட்டுவது அது. அப்படிப் போட்டால் இருக்கும் 16 ஜிபி நினைவகத்தை இரண்டு இயங்குதளங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். தனித்தனியாகப் பூட் செய்தால், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கினால், இயந்திரம் முழுவதும் கணக்கீட்டுக்குக் கிடைக்கும். கணினி விற்கும் நிறுவனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வேதனை.

சேவை மையத்தில் கணினியைத் திறந்து உபுண்டுவின் தொடக்கத் திரையைப் பார்த்த கணமே தொழில்நுட்பப் பணியாளர், "லினக்ஸ் போட்டிருக்கீங்க சார், அதான் கீபோர்டு போயிருக்கு, வாரண்டி வராது" என்றார். கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் உங்கள் நிறுவனமே வைத்திருக்கும் சோதனை நிரலை அவர் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். அது எந்த இயங்குதளமும் எழும்புவதற்கு முன்பே ஓடுவது. திரையில் வரும் விசைப்பலகைப் படத்தில் மற்ற விசைகளை அழுத்தினால் கட்டம் பச்சையாகிறது. அந்த நான்கு கட்டங்களும் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை, விசை வேலை செய்யவில்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? உத்தரவாத அட்டையை வரிவரியாகப் படித்துவிட்டேன். மென்பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று இருக்கிறதே தவிர, வேறு மென்பொருள் போட்டால் வன்பொருளுக்கான உத்தரவாதம் போய்விடும் என்று எங்கும் இல்லை. போகட்டும், இதே மாடலை உபுண்டுவோடு சேர்த்தே உங்கள் இணையதளத்தில் நீங்கள் விற்கிறீர்களே! ஒன்றுக்கு மேல் இயங்குதளம் கூடாதென்றால் பயாஸில் பூட் வரிசை என்று ஒரு பட்டியலை எதற்காக வைத்தீர்கள்?

பிறகு, "டிவைஸ் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று குறுஞ்செய்தி வந்தது. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, கும்பகோணத்திலிருந்து தஞ்சை வழியாகப் பேருந்தில் திருச்சிக்குப் போனேன். டோக்கன் வாங்கி மதியம் வரை உட்கார்ந்த பிறகு, உதிரிபாகமே இன்னும் வரவில்லை, குறுஞ்செய்தி தானாகப் போயிருக்கும் என்றார்கள். மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். வந்தவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "படிச்சவங்கதானே நீங்க, ஒரு கம்ப்யூட்டர்ல எதுக்கு ரெண்டு ஓஎஸ்? ஒழுங்கா ஒண்ணை வச்சிருந்தா நீங்களும் அலைய வேணாம், எங்களுக்கும் தலைவலி இல்லை" என்றார். நான்கு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்படிச் சொன்னார். இருபது ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். ஒரு மாணவன்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

அவருடைய தகவலுக்காகச் சொல்கிறேன்: 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்கள் மேற்பார்வையாளருக்குத் தலைவலியாக இருக்கிறது.

உண்மையான சேதம் அதற்குப் பிறகுதான் நடந்தது. விசைப்பலகையை மாற்ற வேண்டியவர்கள், போர்டில் கோளாறு என்று சொல்லி மதர்போர்டை மாற்றியிருக்கிறார்கள். போர்டு மாறினால் அதிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லும் மாறும். உடனே விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. வேலைச் சீட்டில் என் கைப்பேசி எண் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் எண்ணைப் படித்துச் சொல்லியிருப்பேன். உபுண்டுவுக்கான பூட் பதிவு பழைய போர்டின் நினைவகத்தில் இருந்ததால் புதிய போர்டில் உபுண்டு தெரிந்திருக்காது. யூஎஸ்பியில் பூட் செய்து ஒரு கட்டளை கொடுத்திருந்தால் அதுவும் திரும்ப வந்திருக்கும். எஸ்எஸ்டியில் இருந்த ஓர் எழுத்துக்கும் ஆபத்து வந்திருக்காது. இதில் எதையும் செய்யாமல், எல்லாப் பகுதிகளையும் அழித்து ஒன்றாக்கி, புதிதாக விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பாதி இடம் சும்மா கிடந்துச்சு சார், சேர்த்து விட்டிருக்கோம், இப்ப ஸ்பேஸ் நிறைய இருக்கும்" என்று எனக்கு நன்மை செய்த தோரணையில் பதில் வந்தது.

அந்தச் சும்மா கிடந்த இடத்தில்தான் என் ஆய்வு இருந்தது. மாதக்கணக்கில் இரவெல்லாம் ஓடவிட்டு எடுத்த முடிவுகள், அவற்றுக்கான உள்ளீட்டுக் கோப்புகள், எழுதி முடிக்கும் நிலையிலிருந்த ஆய்வேடு எல்லாம் போயிற்று. என் முனைவர் பட்டம், அதை நம்பியிருந்த பணி உயர்வு, சுருக்கமாகச் சொன்னால் என் எதிர்காலத்தையே உங்கள் பணியாளர் ஒரு சொடுக்கில் துடைத்துவிட்டார். ஏதாவது ரெக்கவரி மென்பொருளைப் போட்டுப் பாருங்கள் என்று தொலைபேசியில் இலவச ஆலோசனை வேறு. எஸ்எஸ்டியில் பகுதிகளை அழித்து வடிவமைக்கும்போது அந்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விட்டால், பழைய தரவை மீட்பது அநேகமாக இயலாத காரியம் என்பது எஸ்எஸ்டி பொருத்தி விற்கிற உங்களுக்குத் தெரியாதா? தரவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று வேலைச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைக் காட்டுகிறார்கள். வட்டைப் பழுதுபார்க்க நான் கொடுத்திருந்தால் அந்த வரிக்குப் பொருள் உண்டு. நான் கொடுத்தது விசைப்பலகைக்காக. அந்த நான்கு விசைகளோ, மதர்போர்டு மாறிய பிறகும் இன்றுவரை வேலை செய்யவில்லை.

உங்கள் பெயரின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. எங்கள் துறைக்கும் உங்கள் கணினிகளைத்தான் பரிந்துரைத்தேன். ஆகவே பணிவுடன் கேட்கிறேன்: விசைப்பலகையை உத்தரவாதத்தில் மாற்றித் தாருங்கள்; இரண்டாவது இயங்குதளம் வைத்திருப்பதால் வன்பொருள் உத்தரவாதம் பாதிக்கப்படாது என்பதை எழுத்தில் கொடுங்கள்; தகுதியுள்ள மீட்பு ஆய்வகத்தில் எஸ்எஸ்டியைச் சோதிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்; ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தாருங்கள். அந்த மேற்பார்வையாளர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

விலைச்சீட்டு, வேலைச் சீட்டு, "தயார்" என்று வந்த குறுஞ்செய்தி, சோதனை நிரல் ஓடியபோது எடுத்த திரையின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இனித் திருச்சிக்கு நான் வருவதாக இல்லை; பணியாளரைக் கும்பகோணத்துக்கு அனுப்பி வையுங்கள். வருபவர் விசைப்பலகையோடு வரட்டும். எஸ்எஸ்டியின் பக்கம் கை போகக்கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்
(கையொப்பம்)