பி.எட். முடித்த ஆசிரியர்களுக்கு: ஆஸ்திரேலியக் கோப்பைத் திறக்கும் முன் ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பும் ஆசிரியர்களுக்கு ஆவணங்களைத் திரட்டி, மொழிபெயர்த்து, ஒழுங்குபடுத்தித் தரும் பணியைத் திருச்சி தில்லைநகரிலுள்ள எங்கள் நிலையத்தில் செய்துவருகிறோம். இனிமேல், பி.எட். படித்த காலத்துக் கற்பித்தல் பயிற்சிக்கான கல்லூரிக் கடிதத்தை நேரில் பார்க்காமல் எந்த ஆசிரியரின் கோப்பையும் திறப்பதில்லை, முன்பணமும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். பணத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வாசலில் நுழைந்ததும் பெரும்பாலோர் கேட்பது, "எனக்கு எத்தனை புள்ளி வரும் சார்?" என்பதுதான். வயது, படிப்பு, பணி அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்காக விசாவுக்குக் கணக்கிடப்படும் அந்தப் புள்ளி, கடைசியில் போட வேண்டிய கணக்கு. அதற்கு முன்பு, பள்ளி ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் உங்களை ஆசிரியர் என்று ஏற்றுச் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் எத்தனை புள்ளி இருந்தும் பயனில்லை. குறைந்தது நான்கு ஆண்டு முழுநேர உயர்கல்வி, அதற்குள் ஓராண்டேனும் பட்டப்படிப்பு நிலையிலான ஆசிரியர் பயிற்சி, அந்தப் பயிற்சியின் பகுதியாகப் பள்ளி மாணவர்களுக்கு மேற்பார்வையின் கீழ் 45 நாளுக்குக் குறையாமல் பாடம் நடத்திய அனுபவம், இவற்றோடு ஆங்கிலப் புலமை ஆகியவற்றை அந்த நிறுவனம் கேட்கிறது. மூன்றாண்டு இளங்கலையும் ஓராண்டு பி.எட்.டும் சேர்ந்தால் நான்கு ஆண்டு சரியாக வந்துவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் தேறும் நம் ஆசிரியர்கள் நாள் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தில், பள்ளிகளில் நடந்த கற்பித்தல் பயிற்சி பெரும்பாலும் 40 நாள்தான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், 2015-16 கல்வியாண்டிலிருந்து பி.எட். இரண்டாண்டாயிற்று, பள்ளிப் பயிற்சியும் 20 வாரமாக உயர்ந்தது. ஆகவே இரண்டாண்டு பி.எட். முடித்தவர்களுக்கு நாள் கணக்கில் பொதுவாக நெருக்கடி இல்லை. ஆனால் அவர்களுக்கும் கல்லூரி "20 வாரம்" என்று மட்டும் எழுதித் தராமல், எத்தனை நாள் என்று எண்ணி எழுதித் தர வேண்டும். ஓராண்டு பி.எட். முடித்தவர்களில் பலர் பதினைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவர்கள், "இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன், ஐந்து நாளா பெரிது?" என்று அவர்கள் கேட்கும்போது எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படுவது, ஆசிரியராவதற்கு முன் மாணவ ஆசிரியராக நீங்கள் பெற்ற பயிற்சி. சம்பளம் வாங்கிச் செய்த பணி அந்தக் கணக்கில் சேராது. ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றதும் சேராது. சக மாணவர்களையே வகுப்பாக உட்கார வைத்து நடத்திய நுண்ணிலைக் கற்பித்தலும் சேராது, ஏனென்றால் அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தது பள்ளிப் பிள்ளைகள் அல்ல.

அப்படியானால் ஓராண்டு பி.எட். படித்த எல்லோருக்கும் கதவு மூடிவிட்டதா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. 40 நாள் என்பது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் நடத்திய கல்லூரிகளும் உண்டு. எங்களிடம் வந்த இயற்பியல் ஆசிரியை ஒருவரிடம் கல்லூரி தந்திருந்த கடிதத்தில் "கற்பித்தல் பயிற்சியைச் சிறப்பாக நிறைவு செய்தார்" என்ற ஒரே வரிதான் இருந்தது. நாள் இல்லை, பள்ளி இல்லை, வகுப்பும் இல்லை. அவர் பரணிலிருந்து எடுத்து வந்த ரெக்கார்டு நோட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு பாடத்திட்டத்தின் அடியிலும் தேதியும், வழிகாட்டி ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்தும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியரின் முத்திரை. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் தனித்தனியாக இரண்டு பருவத்தில் அவர் பள்ளிக்குச் சென்றிருந்தார். ஒரே நாள் இருமுறை எண்ணப்படாமல் பென்சிலால் குறித்துக்கொண்டே கூட்டியபோது 52 நாள் வந்தது. அந்த நோட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, முதல்வர் புதிய கடிதம் தந்தார். கையெழுத்துக்கு மட்டும் நான்கு முறை அலைந்தார் அந்த ஆசிரியை.

கடிதம் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில், உங்கள் பெயர், பயிற்சி நடந்த காலம், மொத்த நாள்கள், நீங்கள் பாடம் நடத்திய வகுப்புகள் அல்லது மாணவர்களின் வயது ஆகியவை தெளிவாகத் தெரியும்படியும், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். கல்லூரி மூடப்பட்டிருந்தால் பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பட்டம் வாங்கியவர்கள், பட்டச் சான்றில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். சென்னைக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் சான்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 40 நாளை 45 என்று எழுதித் தர ஒரு தொகை கேட்ட இடமும் உண்டு. அப்படி வாங்கிய கடிதத்தோடு எங்களிடம் வந்தவரும் உண்டு. அந்தக் கோப்பை நாங்கள் தொடவில்லை. பொய்யான ஆவணம் தரப்பட்டது என்று ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை கண்டு விசாவை மறுத்தால், பெரும்பாலான விசாக்களுக்கு மூன்று ஆண்டு தடை விழும். கூடவே விண்ணப்பித்த வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் அது பாதிக்கும். ஐந்து நாள் பொய்க்கு மூன்று ஆண்டு. உண்மையிலேயே 45 நாள் தேறாதவர்களுக்கு, துணைவர் வேறொரு தொழிலில் முதன்மை விண்ணப்பதாரராகத் தகுதி பெறுகிறாரா என்று பார்ப்பதும், அங்கேயே இரண்டாண்டு முதுகலை ஆசிரியர் பயிற்சி படிக்க மாணவர் விசாவில் செல்வதும் நேர்மையான வழிகள். பின்னது செலவு மிகுந்தது. குடும்பக் கடன் வாங்கி அதில் இறங்குவதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது ஒரு சொல்லால் வரும் குழப்பம். நம் அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர் என்பவர் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். அவருடைய பணிச் சான்றில் ஆங்கிலத்தில் "செகண்டரி கிரேடு டீச்சர்" என்றே இருக்கும். ஆஸ்திரேலியாவில் செகண்டரி என்றால் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்ற தொழிலின் கீழ் விண்ணப்பிக்கத் துணிந்தவர்களைத் தடுத்திருக்கிறோம். தொழிலைத் தீர்மானிப்பது பதவியின் பெயர் அல்ல. எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி பெற்றீர்கள் என்பதே. தவிரவும், ஆசிரியர் பட்டயப் பயிற்சி மட்டும் முடித்தவர்களின் கல்வி பட்டப்படிப்பு நிலையில் வைக்கப்படுவதில்லை என்பதால், பி.எட். இல்லாமல் இந்த வழி அவர்களுக்குத் திறப்பதில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் படித்தலிலும் எழுதுதலிலும் 7, கேட்டலிலும் பேசுதலிலும் 8 எடுக்க வேண்டும். கணினித் துறையில் இருக்கும் மைத்துனர் நான்கிலும் 6 வாங்கியே போய்விட்டாரே என்று ஒப்பிடாதீர்கள். அது விசாவுக்கான அடிப்படை அளவு. உங்களுக்கு அதற்கு முன் ஆசிரியருக்கான அளவு ஒன்று நிற்கிறது. ஆங்கில வழியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் எடுப்பவர்கள் பேசுதலில் எளிதாகத் தேறிவிட்டு எழுதுதலில் 6.5-லேயே நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். கட்டுரையின் கேள்விக்கு நேராகப் பதில் எழுதப் பழக வேண்டும்; மனப்பாட வாக்கியங்கள் உதவுவதில்லை. தேர்வுக் கட்டணம் சிறிய தொகை அல்ல. கடிதம் கைக்கு வராமல் தேர்வு எழுதி, முடிவு பழசாகி, மறுபடி பணம் கட்டியவர்களைப் பார்த்துத்தான் முதலில் கடிதம், பிறகு தேர்வு என்ற வரிசையை வைத்திருக்கிறோம்.

இனிப் புள்ளிக் கணக்கு. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வரும்போது 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. 34 வயது பட்டதாரி ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, கடந்த பத்தாண்டுக்குள் எட்டாண்டு ஆசிரியப் பணி இருந்தால் 15. மேலே சொன்ன 7, 8 மதிப்பெண்ணுக்கு 10. மொத்தம் 65. மதிப்பீட்டுக்குப் போதுமான அந்த ஆங்கிலம் புள்ளியில் 10-தான் தரும். நான்கிலும் 8 எடுத்தால் 20. அங்குள்ள மாநில அரசு ஒன்று 190 என்ற எண்ணுள்ள நிரந்தர விசாவுக்கு உங்களை முன்மொழிந்தால் 5 கூடும். 491 விசாவுக்கு முன்மொழிந்தால் 15 கூடும். யாருடைய முன்மொழிவும் தேவைப்படாத 189 விசாவுக்கு இந்தச் சலுகை இல்லை. 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் வாழ்ந்து வேலை செய்ய வேண்டும். மூன்றாண்டுக்குப் பின் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். "ஊர்ப்புறமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: பெர்த்தும் அடிலெய்டும் அந்தக் கணக்கில் ஊர்ப்புறம்தான்.

65 இருந்தால் அழைப்பு உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வரிசையில் நிற்பதற்கான சீட்டு மட்டுமே. ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் நீங்கள் பதியும் விருப்பத் தெரிவிப்பு இரண்டாண்டு உயிரோடு இருக்கும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். கட்டணங்கள் வழக்கமாக ஜூலை 1 அன்று மாறும் என்பதால் இந்த மடலில் தொகை எதையும் எழுதவில்லை. பள்ளியே நேரடியாக வேலை தந்து அழைக்கும் 482 விசாவும் உண்டு. 2024 டிசம்பர் 7 முதல் அதன் பெயர் மாறியிருக்கிறது, எண் மாறவில்லை. அந்த அழைப்பை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பதும் கொடுப்பதும் ஆஸ்திரேலியச் சட்டத்துக்குப் புறம்பானவை.

விசா கிடைத்தாலும் மறுநாளே வகுப்பறைக்குள் நுழைய முடியாது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என ஒவ்வொரு மாநிலத்திலும் ஆசிரியர் பதிவுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அங்கே தனியாக விண்ணப்பித்துப் பதிவு பெற்ற பிறகே பாடம் நடத்தலாம். குடிவரவுக்கான ஏஐடிஎஸ்எல் சான்று அந்தப் பதிவு ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய்ச் சில மாதம் வேறு வேலை பார்க்க நேர்ந்தவர்கள் அங்கிருந்து எங்களை அழைத்திருக்கிறார்கள். ஆகவே, முதல் சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

பெயர் விஷயமும் சிறிது தொல்லை தரும். மதிப்பெண் சான்றில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு விரிந்து நிற்கும்; பி.எட். சான்றில் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருக்கும். மூவரும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துத் தருகிறோம். தமிழில் உள்ள பிறப்புச் சான்று, பணிச் சான்று போன்றவற்றின் மொழிபெயர்ப்பில் எங்கள் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவை கையெழுத்தோடு இருக்கும். இந்தியாவில் செய்யும் மொழிபெயர்ப்புக்குக் குடிவரவுத் துறை கேட்பது இவ்வளவே.

நாங்கள் பதிவுபெற்ற குடிவரவு முகவர்கள் அல்லர். எந்த விசா உங்களுக்குப் பொருந்தும் என்ற ஆலோசனை வேண்டுமானால், ஆஸ்திரேலிய அரசின் முகவர் பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிவு எண்ணை அந்தப் பதிவேட்டில் இணையத்திலேயே யாரும் சரிபார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கற்பித்தல் பயிற்சிக் கடிதத்தைப் பார்த்துச் சொல்வதற்கு நாங்களும் கட்டணம் வாங்குவதில்லை. வரும்போது பட்டச் சான்றையும், கடிதம் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் பி.எட். ரெக்கார்டு நோட்டுகளையும் எடுத்து வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தேதியும் கையெழுத்தும் உள்ள பக்கங்கள் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நிலையப் பொறுப்பாளர்,
தில்லைநகர், திருச்சிராப்பள்ளி